பேசா விரதக்காரி நின்ற இடம்

1

இந்தக் கதை என் காலில் ஊற்றப்பட்டது.

போன சித்திரையில் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து பொம்மிடிப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். காரணம் எதுவும் இல்லை. எனக்கு நடக்கப் பிடிக்கும். நடந்தால் யாரிடமும் பேச வேண்டியிருக்காது என்று நினைத்துத்தான் அந்தப் பழக்கத்தையே தொடங்கினேன். (அது எவ்வளவு பெரிய தவறு என்பதைப் பிறகு சொல்கிறேன்.) அன்று மஞ்சள் சுடிதார் போட்டிருந்தேன். சாலையோர வீடு ஒன்றிலிருந்து ஓர் அம்மா குடத்தோடு ஓடி வந்து, "நில்லு தாயி" என்றார். நின்றேன். குடத்துத் தண்ணீர் முழுவதையும் என் காலில் ஊற்றினார். குனிந்து ஈரக் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் வாய் திறப்பதற்குள், அடுப்பில் பால் இருக்கிறது என்று உள்ளே ஓடிவிட்டார்.

எங்கள் பக்கம் கோடையில் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் உடுத்தி நடப்பவர்கள் உண்டு. அவர்கள் காலில் தண்ணீர் ஊற்றினால் ஊற்றியவருக்குப் புண்ணியம். என் காலில் ஊற்றினால் என்ன கிடைக்கும் என்று தெரியாது. நான் படித்தது தாவரவியல். வேரில் தண்ணீர் விட்டால் செடிக்கு என்ன ஆகும் என்பதை மூன்று வருடம் பாடமாகப் படித்தேன். செய்முறை வகுப்பு அன்றுதான் நடந்தது.

வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்தேன். கதையில் நடக்கும் பெண் நான் இல்லை. [இதை யாரும் நம்ப மாட்டார்கள் என்று அன்ஜும் சொல்கிறாள். அன்ஜும் என்னோடு கல்லூரியில் படித்தவள். இப்போது தருமபுரியில் அவள் அப்பாவின் துணிக்கடையில் இருக்கிறாள். நான் எழுத எழுத அனுப்புவேன். புடவை மடித்துக்கொண்டே குரல் பதிவு அனுப்புவாள்.]

2

முதல் தொடக்கம்:

"அக்கினி வெயில் தன் ஆயிரம் நாக்குகளால் நிலத்தை—"

வேண்டாம். வெயிலுக்கு நாக்கு கிடையாது.

இரண்டாவது தொடக்கம்:

"கலைமதி துணிச்சலான பெண். எதற்கும்—"

இதுவும் வேண்டாம். துணிச்சலான பெண்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

மூன்றாவது தொடக்கம்:

"கலைமதிக்கு ஒரு வேலை கிடைத்தது. அப்பா போகக் கூடாது என்றார்."

இது இருக்கட்டும். அவளை மாரண்டஹள்ளியில் பிறக்க வைத்தேன். மாவட்டத்தின் இந்தக் கடைசியில் நான், அந்தக் கடைசியில் அவள். எங்கள் ஊர்க்காரர் யாராவது படித்துவிட்டு, "இது நீதானே?" என்று கேட்டால் தூரத்தைக் காட்டித் தப்பிக்கலாம்.

வேலை இதுதான். ஓர் ஆராய்ச்சி நிறுவனம் மலைக்கிராமங்களில் செடிகொடிகளைக் கணக்கெடுக்கிறது. ஒரு வருடம் ஊர் ஊராக நடக்க வேண்டும். அங்கே இருப்பவர்களிடம் ஒவ்வொரு செடிக்கும் என்ன பெயர், எதற்கு ஆகும் என்று கேட்க வேண்டும். கலைமதிக்கு இந்த வேலை மேல் இருந்த ஆசையை விவரிக்க ஒரு பத்தி எழுதினேன். நன்றாக வரவில்லை. அவள் வேலைக்கான கடிதத்தை ஒருமுறைகூட மடிக்கவில்லை என்று மட்டும் சொல்கிறேன். கசங்கிவிடும் என்று பயம்.

அவள் அப்பா கிருஷ்ணப்பன் தக்காளி விவசாயம் செய்கிறார். அவர் பேசியது:

"தெனமும் நடக்கணுமா?"

"ஆமாம்பா."

"நடந்துட்டு?"

"ஊர்ல இருக்கறவங்ககிட்ட செடியப் பத்திக் கேக்கணும்."

கிருஷ்ணப்பன் சிரித்தார். அவர் சிரித்தால் மாடு திரும்பிப் பார்க்கும்.

"யாரு, நீயா? வூட்டுக்கு ஆளு வந்தா மாட்டுக் கொட்டாய்க்கு ஓடற. போன வாரம் சிலிண்டர்காரன் கத்திக் கத்திப் பாத்துட்டு, வூட்ல ஆளே இல்லன்னு திரும்பிப் போயிட்டான். நீ உள்ளாறதான இருந்த?"

"இருந்தேன்."

"அப்பறம் என்னாத்துக்குக் கதவத் தொறக்கல?"

"தொறந்தேன்பா. அவரு போனப்பறம்."

அப்பா யோசித்தார். பிறகு நிபந்தனை போட்டார். "சரி, பேசறது கெடக்கட்டும். மொதல்ல நடப்பியான்னு பாக்கலாம். தருமபுரி சித்தி வூட்டுக்கு நடந்து போ. ஒத்தையா. ராத்திரிக்குப் பாலக்கோட்டுல அத்தை வூட்ல தங்கிக்க. பஸ்ஸு, பைக்கு, டிராக்டரு, ஒண்ணுத்துலயும் ஏறக் கூடாது. போய்ச் சேந்துட்டீனா நானே அந்த வேலைக்குக் கூட்டிட்டுப் போயி வுடறேன். நடுவுல ஏறிட்டீனா, வேலப் பேச்சை அதோட வுட்டுடணும்."

மே மாதம். வெயிலும் தன் கட்சி என்று அப்பா கணக்குப் போட்டார். கலைமதி தலையை ஆட்டினாள்.

3

(கோடை நடையைப் பற்றி ஒரு சிறு கட்டுரை. கதை மட்டும் போதும் என்பவர்கள் நாலுக்குப் போகலாம்.)

கோடையில் நீண்ட தூரம் நடப்பதன் முதல் இன்பம் நிழல். மற்ற மாதங்களில் நிழல் என்பது ஒரு தகவல். மே மாதத்தில் அது பதவி உயர்வு. எல்லா நிழலும் ஒன்றல்ல. புளிய மரத்து நிழல் கெட்டி. வேப்ப மரத்து நிழலில் காற்று உண்டு. சீமைக் கருவேலத்தின் நிழல் பெயருக்குத்தான். தென்னையின் நிழலில் உட்கார்ந்தால் அது நகர நகர நாமும் நகர வேண்டும். மின்கம்பத்தின் நிழலிலும் நின்றிருக்கிறேன். பக்கவாட்டில்.

அடுத்தது, தண்ணீர் பாயும் தோட்டத்தைக் கடப்பது. காற்று சட்டென்று குளிரும். ஆவியாகும் நீர் வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் அப்படி. காரணம் தெரிந்ததால் குளிர்ச்சி ஒன்றும் குறைவதில்லை.

மூன்றாவது, நாய்கள். கோடையில் அவை குரைக்க நினைத்து, யோசித்து, படுத்துவிடுகின்றன.

கஷ்டங்களும் உண்டு. உள்தொடை உரசி எரியும். நடையைப் பற்றி எழுதுகிற ஆண்கள் இதை எழுதி நான் படித்ததில்லை. கோடையில் வயலில் சோளம் நிற்காது. தக்காளிச் செடி முழங்கால் உயரம்தான் வளரும். இதன் பொருள் பெண்களுக்குப் புரியும். இதற்கு மேல் எழுதக் கூச்சமாக இருக்கிறது.

குடை பிடிக்கலாமே என்பீர்கள். நான் பிடித்துப் பார்த்தேன். குடை பிடித்த இளம்பெண் கிராமத்துக்குள் வந்தால் அரசாங்கம் அனுப்பிய ஆள் என்று அர்த்தம். ரேஷன் கார்டை எடுத்துக்கொண்டு ஓடி வருகிறார்கள்.

ஆனால் இவை எல்லாம் சின்னக் கஷ்டங்கள். பெரிய கஷ்டம் மனிதர்களின் நல்ல மனம். எங்கள் மாவட்டத்தில் யாரும் சும்மா நடப்பதில்லை. பஸ்ஸை விட்டிருப்பார்கள். வண்டி பஞ்சர் ஆகியிருக்கும். வீட்டில் கோபித்துக்கொண்டு வந்திருப்பார்கள். எதுவாக இருந்தாலும் ஏற்றிக்கொண்டு போய் விட வேண்டும். வெயிலில் நடக்கும் பெண்ணைப் பார்த்த பிறகும் வண்டியை நிறுத்தாமல் போனவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

கிருஷ்ணப்பனுக்கு இது தெரியும். மகளுக்கு வேண்டாம் என்று சொல்ல வராது என்பதும் தெரியும். வெயிலைவிடப் பெரிய கூட்டாளிகள் அவருக்குச் சாலை முழுக்க இருந்தார்கள்.

4

முதல் நாள். கலைமதி விடியும் முன்பே கிளம்பினாள். அவளுக்கு ஒரு வழி கண்டுபிடித்துக் கொடுத்தேன். பின்னால் இன்ஜின் சத்தம் கேட்டால் புளிய மரத்துக்குப் பின்னால் போய்விடுவது. சாலையோரம் புளிய மரங்களுக்குக் குறைவில்லை. கொஞ்ச தூரத்திலேயே சத்தத்தை வைத்து வண்டியைச் சொல்லப் பழகிவிட்டாள். லாரி நிற்காது, ஒளிய வேண்டாம். புல்லட்காரர்கள் அவசரக்காரர்கள், பாதி ஒளிந்தால் போதும். மொபட்தான் ஆபத்து. மொபட்டில் வருபவர்களுக்கு நேரமும் இருக்கும், இரக்கமும் இருக்கும்.

மாது என்ற பெரியவர் மொபட்டில் வந்தார். அவர் அவளை, அவள் ஒளிவதற்கு முன்பே பார்த்துவிட்டார். மரத்துக்குப் பின்னால் ஓடிய பெண்ணைப் பற்றி ஒரு கண்ணியமான மனிதர் என்ன நினைப்பாரோ அதை நினைத்தார். வண்டியைச் சற்று முன்னால் நிறுத்தினார். சாலையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

"ஒண்ணும் அவசரமில்லம்மா. மெதுவா வா. நான் திரும்பமாட்டேன்."

கலைமதி மரத்தோடு ஒட்டிக்கொண்டாள்.

"பாலக்கோட்டுக்குத்தான போற? எறக்கி வுட்டுடறேன்."

பதில் இல்லை. அந்தப் பக்கம் எல்லா ஊரிலும் மூன்று பாஷைக்காரர்களும் இருப்பார்கள். மாது முறையாக முயன்றார்.

"எல்லிகெ ஹோக்தீயம்மா?" என்று, எங்கே போகிறாய் என்பதைக் கன்னடத்தில் கேட்டார்.

பதில் இல்லை.

"யாடிகி போதாவம்மா?" என்று அதையே தெலுங்கில் கேட்டார்.

கலைமதிக்கு மூன்றும் புரிந்தது. மூன்றிலும் கூச்சம் ஒரே அளவுதான் இருந்தது. மரத்தை விட்டுப் பின்னால் நழுவி, தக்காளித் தோட்டத்துக்குள் குனிந்தபடி போய், வரப்பு ஏறி, சுற்றிக்கொண்டு வேறு இடத்தில் சாலையைப் பிடித்தாள். மாது அங்கேயே நின்றார், முதுகைக் காட்டியபடி.

அன்ஜுமின் குரல் பதிவு: "அடியே, அந்த மனுசன் பாவம்டி. வெயில்ல நின்னுட்டே இருக்காரு. அவர மொதல்ல அனுப்பி வை. —இல்லக்கா, அந்தக் கலர்ல பெரிய பார்டர் இல்ல— அப்புறம் இவ ஏன்டி வாயவே தொறக்க மாட்டேங்கறா? 'வேணாங்க'ன்னு சொல்ல எவ்ளோ நேரம் ஆவும்?"

(மாதுவுக்கு வீட்டிலிருந்து போன் வந்தது. போய்விட்டார்.)

இவள் வாயைத் திறக்காததற்கு வருகிறேன். கூச்சம் இல்லாதவர்கள் கூச்சத்தைப் பயம் என்று நினைக்கிறார்கள். அது அப்படி இல்லை. வார்த்தை தயாராகத்தான் இருக்கும். சொல்லும் நேரத்தில் அது—

விட்டுவிடுகிறேன். விளக்கினால் கதை நின்றுவிடும். கலைமதி பொழுது சாயப் பாலக்கோடு போய்ச் சேர்ந்தாள். ஒரு வண்டியிலும் ஏறவில்லை. அத்தை போட்ட களியைத் தின்றுவிட்டுத் தூங்கினாள்.

5

இரண்டாம் நாளை எழுத எனக்கு மஞ்சள் சுடிதார் தேவைப்பட்டது. அதனால் அத்தை, கேட்காமலே, அவள் துணியை விடியற்காலையில் சோப்புத் தண்ணீரில் ஊற வைத்துவிட்டார். தன் மகளின் சுடிதார் ஒன்றைக் கொடுத்தார். நெற்றியில் விபூதியும் வைத்துவிட்டார். கலைமதி ஈ விரட்டுவதற்காக வழியில் ஒரு வேப்பங்கொத்தை ஒடித்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

[எழுதி முடித்துத் திரும்பப் படித்தபோதுதான் கவனித்தேன். மஞ்சள், விபூதி, வேப்பிலை. எங்கள் மாவட்டத்தில் இதற்கு வேறு அர்த்தமே கிடையாது. நான் சுடிதாரை மட்டும்தான் திட்டமிட்டேன்.]

ஊர் எல்லையைத் தாண்டியதுமே ஒருவர் குடத்தோடு வந்தார். ஊற்றினார். கலைமதியின் கேன்வாஸ் ஷூவுக்குள் தண்ணீர் நிறைந்தது.

"செருப்போடயா நடக்கற? கழட்டிடு தாயி. அம்மன் கோவிச்சுக்குவா. எந்தக் கோயிலுக்கு?"

கலைமதி வாயைத் திறந்தாள். மூடினாள்.

"பேசா விரதமா?"

தலையை ஆட்டுவதுதான் அவளுக்குச் சுலபமாக வரும். ஆட்டிவிட்டாள்.

அதன் பிறகு ஒரு வண்டிகூட நிற்கவில்லை. விரதக்காரியை வண்டியில் ஏற்றினால் ஏற்றியவருக்குத்தான் பாவம். பைக்கில் வந்தவர்கள் வேகத்தைக் குறைத்து, நெஞ்சைத் தொட்டுக்கொண்டு, விலகிப் போனார்கள். செய்தி அவளுக்கு முன்னால் போய்விட்டது. ஒவ்வொரு ஊரிலும் தண்ணீர், நீர்மோர், பானகம். யாரும் எதுவும் கேட்கவில்லை. பேசாமல் இருந்ததற்காக வாழ்க்கையில் முதல்முறையாக அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

ஷூவைக் கழற்றிவிட்டதால் ஒரே சிக்கல் வெறுங்கால். மே மாதத்துத் தார்ச்சாலையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கருப்பு வெப்பத்தை வாங்கும், வெள்ளை திருப்பி அனுப்பும். இயற்பியல் அவளுக்குத் துணைப்பாடம். சாலை ஓரத்து வெள்ளைக் கோட்டின் மேல், கயிற்றில் நடப்பவள்போல நடந்தாள். அதற்கும் ஒரு விளக்கம் பிறந்துவிட்டது. "பாரு, கோட்ட வுட்டு எறங்காது. அவ்ளோ கடுமையான விரதம்."

அன்ஜும்: "இப்பதான்டி நல்லாருக்கு. அப்டியே தருமபுரி கொண்டுபோய்ச் சேத்துடு. கத முடிஞ்சுது. வேலைக்குப் போகட்டும்."

நானும் அப்படித்தான் நினைத்தேன். பேசாமலே ஜெயிக்கிற கதை ஒன்று எழுத எனக்கும் ஆசை இருந்தது. ஆனால் நண்பகலில் அவளுக்குத் தாகம் எடுத்தது. நான்தான் எடுக்க வைத்தேன். தப்பு அங்கே நடந்தது.

6

சின்னம்மாள் குடத்தோடு சாலைக்கே வந்து காத்திருந்து காலில் ஊற்றினார். ஐம்பது வயதிருக்கும். கையைப் பிடித்துக் களத்துக்குக் கூட்டிப்போனார். "மோரு குடிச்சிட்டு, கொஞ்சம் நின்னுட்டுப் போ சாமி."

களம் வெந்துகொண்டிருந்தது. ஓரத்தில் ஒரு சின்னப் புங்க மரம். அதன் நிழல் ஒரு பாய் அளவு. கலைமதி கையை விடுவித்துக்கொண்டு அந்த நிழலுக்கு ஓடிப் போய் நின்றாள். தாயத்துப்போல அந்த ஒரே குளிர்ந்த இடத்தை—

(தாயத்து வேண்டாம். ஓடிப் போய் நின்றாள். போதும்.)

மோர்ச் சொம்பை எடுத்த சின்னம்மாள் அப்படியே நின்றுவிட்டார். அவளுடைய காலையே பார்த்தார். பிறகு வீட்டைப் பார்த்துக் கத்தினார்.

"டேய் வீரமணி! கடப்பாறைய எட்றா! முளைக்குச்சிய எட்றா! காட்டிட்டாடா!"

வீரமணி அவர் மகன். கடப்பாறையோடு வந்தான். சின்னம்மாள் கலைமதியின் இரண்டு பாதங்களுக்கும் நடுவில் விரலால் ஒரு புள்ளி வைத்தார்.

"இங்க அடி."

நடந்தது என்னவென்று சின்னம்மாளே சொன்னார். விரதக்காரி பதில் பேச மாட்டாள் என்பதால் நிதானமாகச் சொன்னார். கிணறு வற்றிவிட்டது. இரண்டு முறை ஆழ்துளைப் போர் போட்டாயிற்று. "தேங்காய உள்ளங்கையில வச்சிட்டு ஒருத்தன் நீரோட்டம் பாத்தான். அவங் காட்டுன எடத்துல புழுதி. குச்சிய வச்சிட்டு ஒருத்தன் பாத்தான். அங்கயும் புழுதி. சாயந்தரம் ரிக்கு வண்டி வருது. இதான் கடைசி. இதுலயும் வரலீனா நெலத்த வித்துட்டு எங்கயாச்சும் பனியன் கம்பெனிக்குப் போகணும். காலைல அம்மன்கிட்ட நேரா கேட்டுட்டேன், நீயே வந்து ஒரு எடங்காட்டுன்னு. இம்மாம் பெரிய களத்துல நேரா ஓடியாந்து இங்க நிக்கற."

வீரமணி அண்ணாந்து மரத்தைப் பார்த்தான். "ஆத்தா, இங்க மட்டுந்தான் நெழலு இருக்குது. காலு சுட்டுருக்கும், அதான் ஓடியாந்துச்சு."

"நெழலு நேத்தும்தான் இருந்துச்சு. நேத்து யாருடா வந்து நின்னா?"

வீரமணி முளைக்குச்சியை ஊன்றி, கடப்பாறையால் குத்தத் தொடங்கினான். 

கலைமதி களத்தின் ஓரத்தைப் பார்த்தாள். நீல டிரம்கள் வரிசையாக இருந்தன. டேங்கர் தண்ணீர். அதிலிருந்துதான் சின்னம்மாள் ஒரு குடம் மொண்டு வந்து அவள் காலில் ஊற்றியிருந்தார். கால் இன்னும் காயவில்லை.

7

நிலைமையைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது அறிவியல் பட்டதாரிகளின் வழக்கம்.

கலைமதி பேசாமல் போனால், மாலையில் தருமபுரி சேர்வாள். வேலை கிடைக்கும். இந்தக் குடும்பம் தன் கடைசி ஆழ்துளைக் கிணற்றை ஒரு நிழல் விழுந்த இடத்தில் போடும்.

பேசினால் விரதம் இல்லை என்று தெரிந்துவிடும். விரதம் இல்லாமல் வெயிலில் தனியாக நடக்கும் பெண் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்தவள்தான். நல்ல மனிதர்கள். விட மாட்டார்கள். வீரமணியின் பைக் வாசலிலேயே நிற்கிறது. வேலை போய்விடும்.

முடிவு அ: அவள் பேசாமல் போனாள். ரிக் வந்தது. பீறிட்டு வந்தது தண்ணீர். ஊரே கூடி—

அன்ஜும்: "த்தூ. பி.எஸ்சி. படிச்சவ எழுதற கதையா இது? நாளைக்கு ஒவ்வொரு ஊர்லயும் உன்னக் கூப்ட்டு நிக்க வைப்பாங்க."

முடிவு ஆ: அவள் பேசாமல் போனாள். ரிக் வந்தது. வெள்ளையாகப் புழுதி எழும்பியது. சின்னம்மாள் அந்தப் புழுதிக்குள்—

இதை நானே அடித்துவிட்டேன். சின்னம்மாளின் முகத்தை என்னால் எழுத முடியவில்லை.

"அவ பேசட்டும்டி" என்றாள் அன்ஜும். இம்முறை குரல் பதிவு இல்லை. நேராக அழைத்துவிட்டாள்.

"அவளால முடியாது."

"அவளாலயா, உன்னாலயா?"



"இருக்கியா? போன வச்சிட்டியா? தலைய ஆட்டாதடி, எனக்குத் தெரியாது."

நான் தலையைத்தான் ஆட்டிக்கொண்டிருந்தேன்.

8

முயற்சிகள்:

"அம்மா, நீங்கள் தவறாக—"

"நான் வந்து—"

"தண்ணீர் எங்கே இருக்கிறது என்று மேலிருந்து பார்த்து—"

கடைசியில் கலைமதி தானாகச் சொன்னாள். அவளால் முடிந்த மிகச் சின்ன வார்த்தை அது.

"இல்லீங்க."

வீரமணி கடப்பாறையை நிறுத்தினான். சின்னம்மாள் கையைத் தலைக்கு மேல் தூக்கினார்.

"பேசிட்டாடா! பேசா விரதக்காரி இந்த எடத்துல வாயத் தொறந்துட்டாடா! ஆழமா அடி!"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. எழுதிய பிறகு நாற்காலியை விட்டு எழுந்து கொஞ்சம் நடந்தேன். ஒரு வார்த்தை போதும் என்று நினைத்திருந்தேன். ஒரு வார்த்தை எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது. இனி அவள் நிறையப் பேச வேண்டும். வேறு வழியே இல்லை. மன்னித்துக்கொள் கலைமதி, என்று சொல்லிவிட்டு எழுதினேன். எழுதினேன் என்பதுகூடச் சரியில்லை. அவள் வேகத்துக்கு என் கை வரவில்லை.

"இல்லீங்க, கேளுங்க, அடிக்காதீங்கண்ணா, நான் சாமியும் இல்ல, விரதமும் இல்ல, இது எங்கத்தை பொண்ணு சுடிதாருங்க, வேப்பல ஈ வெரட்டறதுக்கு, காலு சுட்டுதுன்னுதான் இங்க ஓடியாந்தேன், அண்ணன் சொன்னது நெசந்தான், நான் செடியப் பத்திப் படிச்சவ, தண்ணியப் பத்தி எனக்கு ஒண்ணுந்தெரியாது, ஆனா தெரியாதுன்னு நல்லாத் தெரியும், அடியில பாறை எப்டி இருக்குதுன்னு மேல நின்னுட்டு யாருமே சொல்ல முடியாதுங்க, தேங்கா சொல்லாது, குச்சி சொல்லாது, எங்காலு நிச்சயமாச் சொல்லாது, பூமிக்குள்ள கரண்டு வுட்டு அளந்து பாக்கறவங்க இருக்காங்க, தருமபுரி ஆபீசுல எழுதிக் குடுத்தா வருவாங்க, அவங்க பாத்தாலும் வரும்னு சத்தியம் பண்ண முடியாது, ஆனா நெழலுக்கு நின்னவள நம்பறதுக்கு அது எவ்வளவோ மேலுங்க, அந்த டிரம்முத் தண்ணியப் போயி எங்காலுல ஊத்திட்டீங்களே, குடிக்க வச்சிருக்கற தண்ணிதான அது..."

இன்னும் இருக்கிறது. பாதியைத்தான் எடுத்துக்கொண்டேன்.

சின்னம்மாள் மெதுவாக ஒரு டிரம்மின் மேல் சாய்ந்தார்.

"அப்ப நீ சாமிக்கு நடக்கல."

"இல்லீங்க."

"வூட்ல கோவிச்சுக்கிட்டு வந்துட்டியா?"

"இல்லீங்க."

"யாரையாச்சும் லவ் பண்ணிட்டு—"

"ஐயோ, இல்லீங்க!"

"அப்பறம் எந்தப் பைத்தியக்காரி இந்த வெயில்ல நடப்பா?"

கலைமதி அதையும் சொன்னாள். வேலையைச் சொன்னாள், அப்பாவின் நிபந்தனையைச் சொன்னாள். மலைமேல் என்னென்ன செடிகள் இருக்கலாம் என்று தன் போக்கில் சொல்லிக்கொண்டே போனாள். வீரமணி அதற்குள் முளைக்குச்சியைப் பிடுங்கிவிட்டு, ரிக் வண்டிக்காரருக்குப் போன் போட்டு இன்றைக்கு வர வேண்டாம் என்றான். சின்னம்மாள் அவனைத் தடுக்கவில்லை. முகம் கடுத்திருந்தது. ஏமாந்த கோபம் கொஞ்சம், தப்பித்த நிம்மதி கொஞ்சம். எது எவ்வளவு என்று எனக்கு அளக்கத் தெரியவில்லை.

"போதும், போதும்" என்றார் கடைசியில். "உங்கப்பன் நெம்பரச் சொல்லு."

9

எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"அலோ, கிருஷ்ணப்பனுங்களா? உங்க பொண்ணு எங்க களத்துல நிக்குதுங்க."

"ஐயையோ, என்னாச்சு? மயக்கம் போட்டுருச்சா?"

"மயக்கம் எனக்குத்தான் வருது. வந்ததுலருந்து பேசுதுங்க. பாறைங்குது, கரண்டுங்குது, ஆபீசுங்குது. நடுவுல என்னை ஒரு வார்த்த பேச வுடல. வாயத் தொறந்தா மூடவே மாட்டேங்குது. என்னா வளத்தீங்களோ."



"எம்பொண்ணுங்களா?"

"உங்க பொண்ணுதான்."

"கலைமதியா?"

"மஞ்ச சுடிதாரு. மூக்குக்கண்ணாடி."

"இருக்காதுங்க" என்றார் கிருஷ்ணப்பன் உறுதியாக. "நீங்க சொல்றது வேற யாரோ. எம்பொண்ணு பேசாது."

"நெம்பரச் சொன்னதே அதுதாங்க! இங்க பாருங்க, வெயிலு மண்டையப் பொளக்குது. எம்பையன் வண்டிய எடுத்துட்டு நிக்கறான். ஏத்தி அனுப்பட்டுங்களா, நடக்க வுடட்டுங்களா? உங்க பந்தயமாமே. நீங்களே ஒண்ணச் சொல்லுங்க."

இங்கே கிருஷ்ணப்பன் ஒரு பதில் சொல்ல வேண்டும். இந்தக் கதையில் நான் எழுத வேண்டிய கடைசி வாக்கியம் அது.

"ஏத்தி வுடுங்க" என்று எழுதினேன். அவர் அப்படிச் சொல்லக்கூடியவர்தான். அடித்தேன்.

"நடக்கட்டும்" என்று எழுதினேன். அப்படியும் சொல்லக்கூடியவர்தான். ஆனால் அவ்வளவு நல்லவராக அவரை நான் இதுவரை எழுதவில்லை. அடித்தேன்.

"போன அதுங்கிட்டக் குடுங்க" என்று எழுதினேன். இது பிடித்திருந்தது. சரி, போனை வாங்கிக்கொள்ளட்டும் என்று கலைமதியைத் திரும்பிப் பார்த்தேன்.

வீரமணி துண்டால் வண்டி சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். சின்னம்மாள் போனைத் தட்டி, "அலோ, அலோ, இருக்கீங்களா?" என்றார். புங்க மரத்தடியில் யாரும் இல்லை.

நான் அவளை அனுப்பவில்லை. மேலே தேடிப் பாருங்கள், அவள் போனாள் என்று நான் எங்கேயும் எழுதவில்லை.

சின்னம்மாள்தான் முதலில் பார்த்தார். போனைப் பிடித்தபடியே சாலைக்கு ஓடினார். தருமபுரிப் பக்கம், கானல் நடுங்கும் இடத்தில், மஞ்சளாக ஒரு புள்ளி போய்க்கொண்டிருந்தது. எதிரே வந்த மொபட் ஒன்று அவள் அருகில் நின்றது. நின்று, ஏதோ கேட்டது. பிறகு தனியாகக் கிளம்பி வந்தது.

அவள் அந்த மொபட்காரரிடம் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. அவ்வளவு தூரத்திலிருந்து கேட்கவில்லை.

அப்பாவின் பதிலை உங்களிடம் விட்டுவிடுகிறேன். எதைச் சொன்னாலும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள். அவள் ரொம்ப தூரம் போய்விட்டாள்.